முதல் றைபிளைத் தெரிதல்



இலக்குச் சுடுதலிற் புகும் இளைஞர் முதலிற் கேட்பது, "எந்த றைபிள் சிறந்தது?" என்பதே. எது நமக்குப் பொருந்தும் என்று கேட்பதே முறை என்போம் நாம்.

அபினவ் பிந்த்ரா 2008இற் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற 10 மீற்றர் காற்று றைபிள் போட்டியை எடுத்துக்கொள்வோம். 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் போட்டி இது. ஈயக்குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீற்றர்தான். றைபிளின் பாரம் 5.5 கிலோகிராமை விஞ்சலாகாது. தொலைநோக்கிக்கும் இடமில்லை, சிறு துளைவழியே குறி பார்த்தல் வேண்டும். இவ்விதிகளுக்கு அமையாத றைபிள் எத்துணை அழகியதாயினும் போட்டிக்கு உதவாது.

வில்விசையால் இயங்குவது மலிவு. ஆயின், குண்டு குழலை விட்டு நீங்குமுன்னரே உள்ளிருக்கும் உந்துதண்டின் ஓட்டத்தால் றைபிள் அதிரும். அமுக்கி அடைத்த காற்றால் இயங்குவதில் அவ்வதிர்வு மிகக் குறைவு. பெரும் போட்டிகளில் இன்று கையாளப்படுவது இதுவே.

இவற்றினும் முக்கியமானது சோங்கு. தோளில் ஊன்றும் பகுதியும் கன்னந்தாங்கியும் நம் அளவுக்கேற்ப நகர்த்தத் தக்கனவாய் இருத்தல் வேண்டும். கழுத்தை வளைத்துக் குறி பார்ப்பவர் அறுபது சூடும் முடியுமுன் களைத்துவிடுவர். தாங்கவொண்ணாப் பாரத்தை வாங்கி முதுகை வருத்துதலும் தகாது.

நல்ல றைபிளின் விலையோ மாணவர் கைக்கு எட்டுவதன்று. ஆகவே, முதலிற் கழகமொன்றின் றைபிளிற் சில மாதம் பயில்வோம். நமக்கு வேண்டியது எதுவென அப்பயிற்சியே சொல்லும். அனுமதிப்பத்திரம் பற்றிய சட்டத்தையும் அறிந்த பின்பே பணமுடிப்பை அவிழ்ப்போம். கடன்பட்டு வாங்கிய றைபிள் கையை நடுங்கவே செய்யும்.