காயத்தை மறைக்காதீர்!

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பால்வெட்டுக் கத்தி கையைக் கிழித்தால் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறோம். மறுநாள் கை வீங்கிப் பெரட்டுக்கு வராமல் நின்றால், செக்ரோலில் விழுவது "வரவில்லை" என்ற ஒரே சொல்தான். வேலையில் பட்ட காயம் என்பதற்கு அப்புறம் சாட்சி ஏது?

1969-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையில் நேர்ந்த விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த நாளையும் சேர்த்து 4 நாட்களுக்குக் குறையாமல் மருத்துவர் விடுப்பு எழுதினால், சட்டம் கணக்கிடும் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இதில் அடங்கும்.

ஆகவே, காயம் பட்ட அன்றே கங்காணியிடம் சொல்லுங்கள். பக்கத்து நிரைக்காரரிடம் காட்டி வையுங்கள். "வேலையில் பட்டது" என்று மருத்துவரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். எம்.சி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். என்னைப் போன்ற கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை: தொழிலாளி வந்து சொன்னதை அன்றே எழுதி வையுங்கள்.

இது நிருவாகம் போடும் பிச்சையல்ல. நம் பெயரில் மாதந்தோறும் கட்டப்படும் சந்தாவின் பலன். கேட்டுப் பெறுவது நம் உரிமை.