மேலே போடும் சிலாப்பும் கீழே இருக்கும் வீடும்

(தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையில் வேலை முடிந்து, கொழுந்து நிறுத்துவிட்டு, நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது நம்ம டிவிசன்களில் கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டுக் கொங்கிரீட் சிலாப் போடவும், மேலே இரண்டு அறை கட்டவும் ஆசைப்படுகிற குடும்பங்கள் கூடிவிட்டன. பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் உழைத்து அனுப்புகிறார்கள். சிலருக்கு மத்திய கிழக்கிலிருந்து காசு வருகிறது. சிலர் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஆசை நியாயமான ஆசை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று வாழ்ந்த சனம் நாம். நல்ல வீடு கேட்கிறதில் என்ன தப்பு? அதைத் தடுக்க நான் வரவில்லை. எழுத்தில் அனுமதி கிடைக்கும் முன் ஒரு மூட்டை சீமெந்தும் இறக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அனுமதி இல்லாமல் கட்ட நினைக்கிறவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. அந்த மூன்றையும் பார்ப்போம்.

முதலாவது: "என் சல்லி, என் வீடு. விழுந்தா என் தலையிலதானே விழும்?"

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, கண்டி பூவெலிக்கடையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று அப்படியே சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும், அவர்களுடைய ஒன்றரை மாதக் குழந்தையும் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டிடம் அவர்களுடையது இல்லை. அதற்குக் கல்லும் மணலும் வாங்கியவர்களும் அவர்கள் இல்லை. பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கண்டி டவுனிலாவது வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நமக்கோ ஒரு லயத்தின் தலைக்கு மேலே இன்னொரு லயம். மேலே இருக்கிறவர் மண் வெட்டித் தளம் எடுத்தால், கீழே இருக்கிறவர் சுவர் வெடிக்கும். மேலே இருக்கிறவர் கானை மூடினால், மழைத் தண்ணீர் கீழே இருக்கிறவர் இஸ்தோப்புக்கு வரும். ஆகவே அனுமதி கேட்கிறது நமக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். கீழ் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறோம்.

இரண்டாவது: "பாஸ் இருவது வருஷமா வேலை செய்யிற ஆளு. அவருக்குத் தெரியாததா?"

பாஸ்மாரைக் குறைத்துப் பேசவில்லை. சாந்து குழைக்கிறதும் கம்பி கட்டுகிறதும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கிற மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 550 சதுர அடி வீடு. அதன் மேல் 5 அங்குலத் தடிப்பில் சிலாப் போட்டால், அந்தக் கொங்கிரீட் மட்டும் சுமார் 15 தொன், அதாவது 15,000 கிலோ வரும். ஆளுக்கு 20 கிலோ கொழுந்து என்று வைத்தால், 750 பேர் ஒரு நாளில் எடுக்கிற கொழுந்து அத்தனையும் உங்கள் சுவர் மேல் இராப்பகலாக நிற்கிற மாதிரி. அதற்கு மேல் பீம், மேல்மாடிச் சுவர், சாமான், ஆட்கள். 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி வைத்தால் தண்ணீர் மட்டும் இன்னொரு தொன். கழற்றிப் போட்ட தகரக் கூரையோ சில நூறு கிலோதான் இருந்திருக்கும். தகரத்துக்கென்று போட்ட அஸ்திவாரம் இந்தப் பாரத்தைத் தாங்குமா? சரிவில் இருக்கிற மண் மழையில் ஊறிய பிறகும் தாங்குமா? இதைச் சொல்லத்தான் படித்த ஆள் தேவை.

2014 ஒக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் அழுது பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம்முடைய கண்டி மாவட்டம். மழையை நிறுத்த நம்மால் முடியாது. எந்த இடத்தில் கட்டக்கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள முடியும்.

மூன்றாவது: "துரை சரின்னு சொல்லிட்டார். அப்புறம் என்ன பேர்மிட்?"

துரையின் சம்மதம் கட்டாயம் வேண்டும். காணி அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. ஆகவே தோட்ட நிர்வாகத்தைக் கேட்காமல் ஒரு கல்லும் வைக்க முடியாது. வாயால் சொன்னது போதாது, கடிதமாக வாங்குங்கள். ஆனால் அந்தக் கடிதம் காணிக்குரிய சம்மதம் மட்டும்தான். கட்டிடத்துக்கு அனுமதி கொடுப்பது உள்ளூராட்சி சபை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வருகிற இடங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் சேர்ந்து வரும். அனுமதியில்லாமல் கட்டினால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இடிக்கிற கட்டளையும் எடுக்கலாம். இருபது வருஷச் சேமிப்பு ஒரு நாளில் கல்லும் கம்பியுமாகிவிடும்.

"பிரதேச சபைக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வயசான ஆட்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று நெடுங்காலம் நம்மைத் தள்ளி வைத்திருந்தார்கள். 2018ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. நாம் வோட்டுப் போட்டு உண்டாக்கிய சபை அது. தயங்காமல் படியேறுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? ஒழுங்காகச் சொல்கிறேன், பிள்ளைகள் யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. காணிக் காகிதம். 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதியோ வேறு பத்திரமோ கிடைத்தவர்கள் அதன் பிரதியையும், நில அளவைப் படத்தையும் எடுத்து வையுங்கள். இல்லாதவர்கள் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தை வாங்குங்கள். லயத்துக் காம்பராவுக்கு மேல் சிலாப் போடும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது.

இரண்டு. மண்சரிவு அறிக்கை. கண்டி மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்று. 2011லிருந்து இப்படிப்பட்ட மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுகிறது. அவர்கள் இடத்தைப் பார்த்துக் கட்டலாம் என்று சொல்லலாம், தாங்கு சுவர், கான் போன்ற நிபந்தனைகளோடு கட்டலாம் என்று சொல்லலாம், கட்டவே கூடாது என்றும் சொல்லலாம். கூடாது என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பாதுகாப்பான வேறு இடம் கேட்டு எழுத அதுதான் உங்கள் கையில் இருக்கிற ஆதாரம்.

மூன்று. வரைபடம். தகுதியுள்ள படவரைஞரைக் கொண்டு வரையுங்கள். சிலாப், மேல்மாடி என்றால் கம்பி விபரமும் அஸ்திவார விபரமும் பொறியியலாளர் பார்த்ததாக இருக்கட்டும். மலசலகூடக் குழி எங்கே, மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பதும் படத்தில் இருக்க வேண்டும்.

நான்கு. விண்ணப்பம். உங்கள் பிரதேச சபையில் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழிலேயே கேட்கலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை. கட்டணத்தைச் சபைக் கருமபீடத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். "நான் முடிச்சுத் தாறேன்" என்று வருகிற ஆள் கையில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடம் பார்க்க வரும்போது வீட்டில் பெரிய ஆள் ஒருவர் இருங்கள்.

ஐந்து. அனுமதிப் பத்திரம் கையில் வந்தபின் படத்தில் உள்ளபடி கட்டுங்கள். பாதியில் "இன்னொரு ரூம் சேர்ப்போம்" என்று ஆரம்பிக்காதீர்கள். பத்திரத்தில் காலவரை எழுதியிருக்கும். காசு தட்டுப்பட்டு வேலை இழுத்தால், காலம் முடியும் முன்னே நீடிப்புக் கேளுங்கள். வேலை முடிந்ததும் சீ.ஓ.சீ. என்கிற இணக்கச் சான்றிதழை எடுங்கள். அதோடுதான் வேலை முழுமையாகும்.

வர்ணம் பூச, உடைந்த தகரம் மாற்ற இவ்வளவும் தேவையில்லை. சிலாப், மேல்மாடி, புது அறை, பெரிய தாங்கு சுவர் என்றால் தேவை. எது எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால், முதலில் வந்து கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் பாஸோடு விலை பேசி முடித்த பிறகுதான் பல வீடுகளில் உங்களுக்கே விஷயம் தெரிகிறது. சேமித்ததில் உங்கள் கொழுந்துக் காசும் இருக்கிறது. "சபைப் பேர்மிட் எங்கே?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. கேளுங்கள்.

இப்போது யாராவது கட்ட யோசித்திருந்தால், கூட்டம் முடிந்ததும் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இருக்கிற காகிதங்களைச் சேர்த்து, விண்ணப்பம் எழுத நானும் உட்காருகிறேன். மழைக்காலம் தொடங்கும் முன் இடம் பார்க்கச் சொல்லிக் கேட்போம்.