வாக்குச்சாவடியில் இரவு எட்டு மணிக்குப் பிறகு

தேர்தல் குறித்த நம் ஆய்வுகளில் சாதி வருகிறது, கூட்டணி வருகிறது, பணம் வருகிறது. போட்ட வாக்கு எப்படி எண்ணிக்கையாகிறது என்ற கேள்வி அரிதாகவே வருகிறது. அதற்கென்றே இக்கருத்தரங்கு கூடியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நான் எடுத்துக்கொண்ட பொருள், வாக்குச்சாவடியிலேயே ஸ்கேனரைக் கொண்டு வாக்குச்சீட்டுகளை எண்ணும் முறை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நெடுங்காலமாகவும், பிலிப்பைன்ஸ் நாடு முழுவதும் 2010 முதலும் இது நடந்து வருகிறது. வாக்காளர் தாளில் வேட்பாளர் பெயருக்கருகே உள்ள வட்டத்தைப் பேனாவால் நிரப்புகிறார். தாமே அந்தத் தாளை ஸ்கேனரின் வாயில் நுழைக்கிறார். அது படிக்கப்பட்டு, கீழே சீல் வைத்த பெட்டியில் விழுகிறது.

நமக்கும் இதில் அக்கறை இருக்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தோடு இணைந்த விவிபாட் அச்சிடும் சீட்டுகள் எல்லாவற்றையும் எண்ணக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், அந்தச் சீட்டுகளை இயந்திரம் கொண்டு எண்ண முடியுமா, சின்னத்தோடு பார்கோடும் அச்சிட முடியுமா என்று ஆராயும்படி தேர்தல் ஆணையத்திடம் ஒரு யோசனையையும் வைத்தது. தாளை இயந்திரம் எண்ணும் நிலை இங்கும் வரக்கூடும். அதைச் செய்து, தவறி, திருத்திக்கொண்டவர்களின் பட்டறிவை இப்போதே படித்து வைப்பது நல்லது.

இயந்திரம் செய்யும் வேலை எளியது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதிய எவருக்கும் ஓ.எம்.ஆர். தாள் தெரியும், அடிப்படை அதுதான். தாளின் ஓரத்தில் வரிசையாக உள்ள கருங்கட்டங்களை வைத்து ஒவ்வொரு வட்டமும் எங்கே இருக்கிறது என்று ஸ்கேனர் கணக்கிடுகிறது. வட்டத்தின் கருமை குறித்த அளவைத் தாண்டினால் வாக்கு என்று கொள்கிறது. வேட்பாளரின் பெயர் அதற்குத் தெரியாது. இந்த இடத்து வட்டம் இன்னாருக்கு உரியது என்று சொல்வது ஸ்கேனரின் மெமரி கார்டில் உள்ள ஒரு பட்டியல். பட்டியல் பிசகினால் இயந்திரம் ஒரு தாளைக்கூட விடாமல் எண்ணும், ஆனால் வேறொருவர் கணக்கில் சேர்க்கும்.

2006 ஜூன் மாதம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற பாட்டவாட்டமி கவுண்டியில் இதுதான் நடந்தது. முதலில் அச்சாகும் பெயருக்குக் கிடைக்கும் சாதகம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதற்காகச் சாவடிக்குச் சாவடி பெயர் வரிசையை மாற்றி அச்சிட்டிருந்தார்கள். ஸ்கேனருக்கு அந்த மாற்றம் சரியாகச் சொல்லப்படவில்லை. நெடுங்காலம் பதவியில் இருந்தவர் அதிகம் அறியப்படாத ஓர் இளைஞரிடம் தோற்பதாக எண்ணிக்கை காட்டியபோது அலுவலருக்கு ஐயம் வந்தது. சீட்டுகளைக் கையால் எண்ணச் சொன்னார், முடிவு தலைகீழாயிற்று. ஒருவருடைய ஐயத்தால் தப்பித்த தேர்தல் அது.

பிலிப்பைன்ஸில் அளவு பெரிது. 2010 மே 10 அன்று தேர்தல். மே 3 அன்று சாவடிகளில் சோதனை ஓட்டம். உள்ளூர்ப் பதவிகளுக்கான வாக்குகள் தவறாகப் படிக்கப்படுவது அப்போது தெரிந்தது. தாளின் ஒரு பக்கத்தில் வரிகளுக்கிடையே விட்டிருந்த இடைவெளிக்கும் கார்டில் எழுதியிருந்த இடைவெளிக்கும் பொருத்தம் இல்லை. எழுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட கார்டுகளை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட ஒரு நாட்டில், ஒரே வாரத்தில் திரும்பப் பெற்று மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வாரத்தைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. சோதனை தன் வேலையைச் செய்த வாரம் என்றே நான் கொள்கிறேன். ஆனால் தேர்தலுக்கு ஏழு நாள் முன்பு செய்த அதே சோதனையை நாற்பது நாள் முன்பு செய்திருக்கலாம். மாதிரிச் சீட்டுகளை நம்பாமல், அந்தந்தச் சாவடிக்கு அச்சான உண்மையான தாளில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் வாக்கிட்டு, கட்சி முகவர்கள் முன்னிலையில் ஓட்டிப் பார்த்தால்தான் அது சோதனை. எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் வாக்குப் போட்டால் இடம் மாறிப்போனது தெரியவே தெரியாது.

அமெரிக்கச் சாவடிகளின் தேர்தல் நாள் காலை நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீல் எண்களைப் படிவத்தோடு ஒப்பிடுகிறார்கள். பெட்டி காலி என்று திறந்து காட்டுகிறார்கள். எல்லா வேட்பாளருக்கும் பூஜ்யம் என்று காட்டும் தாள்சுருளை ஸ்கேனர் அச்சிடுகிறது. இரு கட்சிகளையும் சேர்ந்த அலுவலர்கள் அதில் கையெழுத்திடுகிறார்கள்.

ஸ்கேனர் சாவடியிலேயே இருப்பதால் அங்கே வாக்காளருக்குக் கிடைக்கும் ஒரு பெரிய நன்மை, தவறைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு. ஒரே பதவிக்கு இருவரைக் குறித்துவிட்டால் தாளைத் திருப்பித் தருகிறது. அவர் புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் லியோன், காட்ஸ்டன் என்ற பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகள் இரண்டிலும் இதே வகைத் தாள்கள்தான். லியோனில் சாவடியிலேயே ஸ்கேன் செய்தார்கள். செல்லாத வாக்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. காட்ஸ்டனில் தாள்களை மையத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள்; ஏறக்குறைய எட்டில் ஒரு சீட்டு செல்லாமல் போயிற்று. காட்ஸ்டன் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழைக் கவுண்டி. தாளின் அமைப்பு உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தவறைச் சொல்ல ஓர் இயந்திரம் அங்கே அருகில் இல்லை என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. மாநிலத்தின் முடிவு 537 வாக்கு வித்தியாசத்தில் நின்ற தேர்தல் அது.

ஸ்கேனர் பழுதாகும் நேரத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு. 2018 நவம்பரில் நியூயார்க் நகரில் மழை. இரண்டு தாள்களாக நீண்ட வாக்குச்சீட்டு ஈரத்தில் சிக்கி இயந்திரங்கள் நின்றன. 2022-இல் அரிசோனாவின் மாரிகோப்பா கவுண்டியில், 223 மையங்களில் பலவற்றில், தடித்த நீளத் தாளில் அச்சுப்பொறி மை ஒட்டவில்லை. மங்கிய தாளை ஸ்கேனர் ஏற்கவில்லை. இத்தகைய நேரத்துக்கென்றே பெட்டியில் தனி அறை இருக்கிறது. சீட்டை அதில் போட்டால் பிறகு எண்ணப்படும். மாரிகோப்பாவில் அதை மூன்றாம் பெட்டி என்றார்கள். அந்த ஏற்பாடு முறையானதுதான். ஆனால் மூன்றாம் பெட்டியில் போட்ட வாக்கு குப்பைக்குப் போகும் என்ற பேச்சு பரவி, பலர் அதில் போட மறுத்து நின்றார்கள். அவசர வழி ஒன்று உண்டு என்பதை அவசரம் வருமுன் மக்களிடம் சொல்லி வைக்காததன் விளைவு அது.

இனி மாலை. இன்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த நேரத்தைத்தான். மிச்சிகனில் சாவடி மூடும் நேரம் இரவு எட்டு. விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் அந்த அலுவலர்கள். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டுமே இந்த வேலையைச் செய்பவர்கள். அவர்கள்தான் அந்த நேரத்தில் கணக்கை நேர்செய்ய வேண்டும். பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எத்தனை பேர், ஸ்கேனர் காட்டும் தாள் எத்தனை, காலையில் வந்த சீட்டில் மீந்தது எத்தனை, பாழாகி மாற்றிக் கொடுத்தது எத்தனை, அவசர அறையில் கிடப்பது எத்தனை? இவை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பிறகு முடிவுச் சுருளைப் பல படிகள் அச்சிட்டுக் கையெழுத்திட வேண்டும். பல மாநிலங்களில் ஒரு படியைச் சாவடிக் கதவில் ஒட்ட வேண்டும். மெமரி கார்டை உறையிலிட்டு, சீல் வைத்து, இருவராகக் கொண்டுபோக வேண்டும்.

கதவில் ஒட்டும் அந்தச் சுருள்தான் இந்த முழு முறையின் உயிர்நாடி என்பது என் கருத்து. தரவு சாவடியை விட்டு வெளியேறும் முன்பே முடிவு ஊரறிந்ததாகிவிடுகிறது. அதன்பின் மையத்தில் எது பிசகினாலும் ஒப்பிட ஒரு சான்று இருக்கும். ஃப்ளோரிடாவின் வொலூசியா கவுண்டியில் 2000 தேர்தல் இரவன்று, 585 வாக்காளர்களே பதிவாகியிருந்த ஒரு சாவடியிலிருந்து அதிபர் வேட்பாளர் ஆல் கோருக்குக் கழித்தல் 16,022 வாக்கு என்று பதிவேறியது. எண் அவ்வளவு பொருந்தாமல் இருந்ததால் பிடிபட்டது. கழித்தல் பதினாறு என்று வந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. சுருளோடு ஒப்பிட்டால் மட்டுமே தெரிந்திருக்கும்.

2020 அதிபர் தேர்தலில் மிச்சிகனின் ஆன்ட்ரிம் கவுண்டியில் நடந்ததை இந்த அவை கூர்ந்து படிக்க வேண்டும். குடியரசுக் கட்சியின் கோட்டையான அந்தச் சிறு கவுண்டியில் ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முன்னிலை என்று முதல் அறிவிப்பு சொன்னது. வாக்குச்சீட்டில் கடைசி நேரத்தில் செய்த மாற்றத்தைச் சில ஊர்களின் கார்டுகளில் ஏற்றினார்கள், மற்றவற்றில் ஏற்றவில்லை. மையத்தின் பட்டியலும் சாவடிகளின் பட்டியலும் வேறு வேறாயின. சாவடிகளில் அச்சான சுருள்களோ அன்றிரவே சரியான எண்களைத்தான் காட்டின. மையத்தில் அறிவிக்கும் முன் ஒரு சுருளையாவது எடுத்து ஒப்பிட்டிருந்தால் அந்த முதல் அறிவிப்பே வந்திராது. திருத்திய கணக்கில் டொனால்ட் டிரம்ப் 9,748, பைடன் 5,960. டிசம்பரில் எல்லாச் சீட்டையும் கையால் எண்ணியபோது இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 12 வாக்குதான் மாறியது. ஆனால் அந்தச் சில மணி நேரத் தவறான அறிவிப்பு, நாடெங்கும் தேர்தல் களவாடப்பட்டது என்ற பொய்க்குத் தீனியாயிற்று. அந்தப் பொய்யை இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஒப்பீட்டைத் தவறவிட்டதற்கு ஒரு குடியரசு கொடுத்த விலை இது.

கணக்கு நேராவதோடு வேலை முடிந்துவிடுமா என்றால், முடியாது. 2005 டிசம்பரில் லியோன் கவுண்டியின் தேர்தல் அதிகாரி அயன் சாஞ்சோ, தம் அலுவலக ஸ்கேனரையே சோதிக்க ஃபின்லாந்து நிபுணர் ஹாரி ஹர்ஸ்டியை அனுமதித்தார். ஹர்ஸ்டி தொட்டது மெமரி கார்டை மட்டும். காலைச் சுருள் பூஜ்யம் என்றே அச்சாயிற்று. எட்டுப் பேர் வாக்கிட்டார்கள். தாளில் ஆம் 2, இல்லை 6. இயந்திரம் ஆம் 7, இல்லை 1 என்றது. மொத்தம் இரண்டிலும் எட்டு. பூஜ்யச் சுருளும் சரி, மொத்தக் கணக்கும் சரி, முடிவு மட்டும் பொய். தாளைப் பிரித்துப் பார்த்தாலொழிய இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. தம் பொறுப்பிலிருந்த இயந்திரத்தைத் தாமே சோதனைக்குக் கொடுத்த அந்த அதிகாரியின் நேர்மைக்கு இந்த மேடையிலிருந்து வணக்கம் செலுத்துகிறேன்.

ஆகவேதான் தணிக்கை. பெர்க்லி பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் அறிஞர் ஃபிலிப் ஸ்டார்க் வகுத்த முறையை 2017-இல் கொலராடோ மாநிலம் முழுவதும் முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது. பத்து முகப் பகடைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உருட்டி, வந்த எண்களைக் கொண்டு எந்தெந்தச் சீட்டுகளைக் கையால் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். வெற்றி வித்தியாசம் பெரிதானால் சில சீட்டுகள் போதும். குறுகக் குறுக அதிகம் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் முழுவதையும் கையால் எண்ண வேண்டும். நாம் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து விவிபாட் இயந்திரங்களின் சீட்டுகளை எண்ணிப் பார்ப்பது என்று நிலையான எண் வைத்திருக்கிறோம். நூறு வாக்கில் வென்றாலும் ஐந்து, லட்சம் வாக்கில் வென்றாலும் ஐந்து. இதற்குப் புள்ளியியல் அடிப்படையில் ஒரு மாற்று வரைவு இந்தக் கருத்தரங்கிலிருந்து வெளிவர வேண்டும் என்பது என் விருப்பம்.

பார்கோடு பற்றி என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் கண்ணால் படித்தது எதுவோ அதையே இயந்திரமும் படிக்க வேண்டும். சின்னத்தை அவர் பார்க்க, பார்கோடை இயந்திரம் எண்ணுமானால், அவர் சரிபார்த்த ஒன்றும் எண்ணப்பட்ட ஒன்றும் வேறு வேறு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் இதை அனுபவித்துத்தான், பார்கோடு போன்ற கியூஆர் குறியீட்டை வைத்து வாக்கு எண்ணுவதற்குத் தடை விதிக்கும் சட்டத்தை 2024-இல் இயற்றியது. நாமும் அதே வழியில் போய்த்தான் திரும்ப வேண்டும் என்பதில்லை.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் முன்மொழியும் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், அதைச் செய்யப்போகிறவர் யார், எத்தனை மணி நேரம் வேலை செய்த பிறகு செய்வார், செய்ய எவ்வளவு நேரம் ஆகும், தவறினால் அதை மறுநாள் யார் கண்டுபிடிப்பார் என்று எழுதுங்கள். நம் ஊரில் வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான வாக்கு எத்தனை என்று 17சி படிவத்தை நிரப்பி முகவர்களிடம் கொடுக்கும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் அந்த நேரத்துக் களைப்பை அறிவார்கள். அவர்களில் சிலர் இங்கே பார்வையாளராக அமர்ந்திருக்கிறார்கள். விவாத நேரத்தில் முதல் கேள்விகளை அவர்களுக்கே ஒதுக்கும்படி அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கருத்தரங்கம் தொடங்குகிறது என்று அறிவித்து, சோதனை ஓட்டங்கள் பற்றிய முதல் அமர்வுக்கு அவையை ஒப்படைக்கிறேன்.