கடலைக் காக்கும் கடப்பாடு

(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கும் எம்மைக் கடலைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். வலையும் துடுப்பும் பிடித்தறியாத யாம் முதற்கண் மயங்கினோம். ஆயினும், கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என வகுத்த நம் முன்னோர் அதனையும் ஐந்நிலத்துள் ஒன்றாகவே வைத்தனர். ஒரு நிலத்துக்கு நேரும் கேடு அனைவர்க்கும் நேரும் கேடன்றோ? ஆதலின் துணிந்தோம்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள. இவை 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. இவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அரண்போல் நின்று அலையின் வேகத்தைத் தணிப்பன, மீனினங்களுக்கு உறைவிடமாவன. அப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல்லாண்டு வெட்டியெடுத்தனர். விளைவு யாது? அரணிழந்த பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. வெட்டினோர் சிலர், அச்சுண்ணாம்பு பூசிய சுவருக்குள் வாழ்ந்தோர் பலர். பழியில் நமக்கும் பங்குண்டு.

இனி, மீனவர் ஆவுளியா என வழங்கும் கடற்பசுவைக் கருதுமின். கடலடிப் புல்லை மேய்ந்து, மூச்சுவிட நீர்மேல் வரும் சாதுவான உயிர் அது. ஓராண்டுக்கு மேல் கருச்சுமந்து ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒன்றின் இழப்பும் எளிதில் ஈடாகாது. இழுவலை கடலடியை வாரிச் செல்லுங்கால் அப்புல் வேரோடு பறிபடும். மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளர்வது அப்புல்வெளியில்தான். புல் அழியின் ஆவுளியா மட்டுமா பட்டினி கிடக்கும்? மீனவர் மனையும் அன்றோ!

2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்நாட்டின் முதற் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. எனினும் சட்டம் நடுக்கடலில் நின்று காவல் செய்யாது. வலையிற் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து மீளக் கடலில் விட்ட மீனவர் உளர். வனத்துறையார் அவர்க்குப் பரிசளித்துப் போற்றியதும் உண்டு. வலை அறுந்தால் அவ்வீட்டின் வருவாய் குறையும். அதனை அறிந்தே அறுத்த கைகள் அவை. கரையில் வாழும் நாம் என் செய்தோம்?

எம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, பருவம் எய்தாத மீனையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குரிய தடைக்காலத்தில் விதிமீறிப் பிடித்த மீனையும் வாங்காதொழிக. இரண்டாவது, வாய்க்காலில் எறியும் பிளாஸ்டிக் குப்பை ஆற்றின்வழிக் கடலையே சேரும். அதனை இன்றே நிறுத்துக. மூன்றாவது, பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று கற்பியுங்கள். சென்னையில் 1988 முதல் மாணவர் குழுவினர் இரவெல்லாம் மணலில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகின்றனர். அவர்க்கு இயன்றது நம் மக்கட்கு இயலாதோ?

கைதட்டலை யாம் விழையோம். இம்மூன்றையும் இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றி, வரும் ஆண்டு இதே அவையில், செய்தது இன்னது என்று கணக்குரைக்க வேண்டுமென இறைஞ்சி அமைகின்றோம்.