வீட்டு வாசலுக்கு வரும் சட்டம்



நாடாளுமன்றம் ஆண்டுதோறும் பல சட்டங்களை நிறைவேற்றுகிறது. அவற்றில் பலவற்றை ஒரு சாமானிய மனிதர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. ஒரே ஒரு சட்டம் மட்டும் யாரும் அழைக்காமலே வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மதிப்பீட்டு வரி ரசீது அந்தச் சட்டத்தின் பிள்ளை. அங்காடிக் கடைக்காரரின் சட்டைப் பையில் இருக்கும் உரிமம், காலையில் மீன் வாங்கப் போகும் சந்தை, மாலையில் பிள்ளைகள் விளையாடும் பூங்கா, கடைசியில் ஒருவர் போய்ச் சேரும் இடுகாடு, எல்லாமே அதன் ஆளுகைக்கு உட்பட்டவை. அதன் பெயர் 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம். சட்டப் புத்தகத்தில் அதன் எண் 171.

பல மூட்டைகள் ஒன்றான கதை

இந்தச் சட்டம் வருவதற்கு முன் தீபகற்ப மலேசியாவின் ஊராட்சி ஒரே குடையின் கீழ் இல்லை. பினாங்கிலும் மலாக்காவிலும் நீரிணைக் குடியேற்றக் காலத்து நகராட்சிச் சட்டம் இருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய மாநிலங்களுக்கு நகர வாரியச் சட்டம் இருந்தது. ஜொகூருக்குத் தனிச் சட்டம். அவசரகாலத்தில் எழுந்த புதுக்கிராமங்களுக்காக 1952-இல் ஊர் மன்றச் சட்டம் ஒன்றும் வந்தது. மாநகர் மன்றம், நகராட்சி, நகர மன்றம், நகர வாரியம், கிராமப்புற மாவட்ட மன்றம், ஊர் மன்றம் என ஆறு வகை அமைப்புகள், முந்நூறுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் இயங்கின.

சில மன்றங்களுக்கு வருமானம் போதவில்லை. சிலவற்றில் கணக்கு ஒழுங்காக இல்லை. ஓர் ஊரில் குற்றமாக இருந்தது அடுத்த ஊரில் குற்றமாக இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தது. அதற்காக 1973-இல் தற்காலிக ஏற்பாடுகளுக்கான சட்டம் ஒன்றும், 1976-இல் இந்த 171-ஆம் சட்டமும் இயற்றப்பட்டன. ஆறு வகை அமைப்புகள் நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் என்ற இரண்டு வகைக்குள் அடங்கின. சிதறிக் கிடந்த விதிகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன.

மூட்டை கட்டியது நல்ல காரியம்தான். ஆனால் கட்டும்போது உள்ளே எதை வைத்தார்கள், எதை வெளியே எறிந்தார்கள் என்பதுதான் கேள்வி.

வெளியே எறியப்பட்டது எது?

ஒரு காலத்தில் இந்த நாட்டு மக்கள் தங்கள் ஊராட்சி உறுப்பினர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, 1951-இல் ஜோர்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் வாக்களித்தது. அம்னோவும் ம.சீ.ச.வும் முதன்முதலாகக் கைகோத்தது அந்தக் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில்தான். பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணி அரசியலின் தொட்டில் ஓர் ஊராட்சித் தேர்தல் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

1957 ஜனவரி முதல் நாள் ஜோர்ஜ் டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியின் டி.எஸ்.இராமநாதன். ஒரு தமிழர், பல இன மக்கள் வாழ்ந்த, சீனர்கள் மிகுந்த ஒரு மாநகரின் முதல் மேயராக அமர்ந்தார்.

1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் தேர்தல் திரும்பும் என்பதே அன்று சொல்லப்பட்டது. அதே ஆண்டில் ஊராட்சிகளின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவரும் ஒரு தமிழர்தான்: செனட்டர் ஆதி நாகப்பன். அந்த ஆணையம் 1968-இல் அறிக்கையை முடித்தது. குறைகளை மறைக்காமல் எழுதியது. அதே வேளையில், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நோய்க்கு மருந்து கொடுங்கள், நோயாளியைக் கொல்லாதீர்கள் என்பதுதான் அந்தப் பரிந்துரையின் சாரம்.

எட்டு ஆண்டுகள் கழித்து வந்த 171-ஆம் சட்டம் வேறு வழியில் போனது. அதன் 15-ஆவது பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றிய சட்ட விதிகள் எல்லாம் இனி செயல்படா என்று சொல்லிவிட்டது. 10-ஆவது பிரிவு, உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசின் கையில் கொடுத்தது. எட்டுப் பேருக்குக் குறையாமல், இருபத்து நான்கு பேருக்கு மிகாமல் நியமனம். தற்காலிகமாகச் சாத்தப்பட்ட கதவுக்கு நிரந்தரப் பூட்டு வந்தது அப்படித்தான்.

பூட்டின் விலை

நியமன உறுப்பினர்களில் நல்லவர்கள் இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக இருக்கிறார்கள். நள்ளிரவில் கால்வாய் அடைத்துக்கொண்டால் ஓடி வரும் உறுப்பினர்கள் உண்டு. 2008-க்குப் பிறகு பினாங்கும் சிலாங்கூரும் அரசு சாரா அமைப்பினரையும் உறுப்பினர்களாக நியமித்துப் பார்த்தன. ஆனால் நல்ல மனிதர் கிடைப்பது வேறு, நல்ல ஏற்பாடு இருப்பது வேறு. நியமிக்கப்பட்டவர் தம்மை நியமித்தவரின் முகத்தைப் பார்ப்பது மனித இயல்பு.

இந்தச் சட்டத்தின் 107-ஆவது பிரிவைப் படித்தால் அதன் பொருள் விளங்கும். ஊராட்சி மன்றம் கொடுக்கும் உரிமத்தை அந்த மன்றமே எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல், இரத்துச் செய்யலாம். இரத்தானால் இழப்பீடு கிடையாது. உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கலாம். அதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

சாலையோரத்தில் தோசை சுட்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு தாய்க்கு அந்த உரிமம்தான் நிலம், அதுதான் சேமிப்பு. எந்த நேரமும் காரணமின்றிப் பறிபோகக்கூடிய ஒரு தாளின் மீது அந்தக் குடும்பம் நிற்கிறது. அவர் நாடாளுமன்ற உறுப்பினருக்கு வாக்களித்தார். சட்டமன்ற உறுப்பினருக்கும் வாக்களித்தார். தம் அடுப்பை அணைக்கும் அதிகாரம் உள்ள மன்றத்தில் மட்டும் அவருக்கு வாக்கு இல்லை.

வரியும் அப்படியே. ஒரு வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகைதான் அதன் ஆண்டு மதிப்பு. மாதம் 1,000 வெள்ளி வாடகை பெறும் வீட்டின் ஆண்டு மதிப்பு 12,000 வெள்ளி. வரி விகிதம் 6 விழுக்காடு என்றால் ஆண்டு வரி 720 வெள்ளி. ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை வரி விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. எந்த மன்றமும் அந்த எல்லையைத் தொடவேண்டும் என்பதில்லை. ஆனால் விகிதத்தை முடிவு செய்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, வரி கட்டுபவருக்கு இல்லை.

பினாங்கின் முயற்சி

இந்தப் பூட்டைத் திறக்க ஒரு மாநிலம் முயன்றது. 2012-இல் பினாங்கு சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலுக்கென மாநிலச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஊராட்சி என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ள விவகாரம் என்பது அதன் வாதம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் சென்றது. 2014 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: தேர்தல் நடத்த மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. கூட்டரசுச் சட்டமே நிற்கும்.

ஆக, சாவி இப்போது ஓரிடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் நாடாளுமன்றம். 2018-இல் ஆட்சி மாறியபோது நம்பிக்கை பிறந்தது. அதே ஆண்டின் இறுதியில், இனப் பிளவை உண்டாக்கும் என்ற காரணம் சொல்லி அன்றைய பிரதமர் துன் மகாதீர் அதை மறுத்துவிட்டார்.

அந்த அச்சத்தைக் கேலி செய்வது முறையல்ல. நகரங்களில் ஓர் இனத்தின் கை ஓங்கிவிடும் என்று கவலைப்படுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். சீனர்கள் மிகுந்த ஜோர்ஜ் டவுன் தன் முதல் மேயராக ஓர் இராமநாதனைக் கண்டது என்பது ஒரு பதில். எல்லா இனத்தவரின் வீட்டு வாசலிலும் கால்வாய் ஒரே மாதிரிதான் அடைக்கிறது என்பது இன்னொரு பதில்.

அதுவரை செய்ய வேண்டியவை

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. சட்டத்துக்குள்ளேயே சில சாளரங்கள் உள்ளன. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது, மறுஆய்வுக்குக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள்களுக்குக் குறையாமல் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். வழிபாட்டுத் தலங்கள், இடுகாடுகள், பொதுப் பள்ளிகள் ஆகியவை இலாப நோக்கமின்றி நடந்தால், 134-ஆவது பிரிவின்படி வரி விலக்குக் கோரலாம். வழங்குவது மாநில அரசின் விருப்பம். ஆலய நிர்வாகங்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. மன்றத்தின் முழுக் கூட்டம், அது வேறு முடிவு எடுக்காத வரை, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. அங்கு போய் உட்காரும் பத்துப் பேர், தேநீர்க் கடையில் குறைகூறும் நூறு பேருக்குச் சமம்.

ஜோர்ஜ் டவுனில் டி.எஸ்.இராமநாதன் பெயரில் ஒரு சாலை உண்டு. கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில், ஆதி நாகப்பன் பெயரிலும் சாலை உண்டு. ஒருவர் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் மேயர். மற்றவர் அந்த உரிமை மக்களிடம் திரும்ப வேண்டும் என்று எழுதிய ஆணையத்தின் தலைவர். அவர்கள் பெயர்ப் பலகைகளை இன்றும் ஊராட்சி பராமரிக்கிறது. அவர்கள் மதித்த வாக்குரிமைதான் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பராமரிப்பின்றிக் கிடக்கிறது.