லண்டன் விமானத்தில் ஒரு போர்வை

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகப் பறந்தாலே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும் அம்மாக்கள் பலருக்கு அந்த ஊர்க் குளிரைவிட இடுப்புவலியை நினைத்துத்தான் கவலை.

ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன், 1960களில், முதுகெலும்பின் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிட, முன்பக்கம் சரிந்து உட்காரும்போது அழுத்தம் கூடியது. விமானத்தில் தூக்கம் வந்தால் நாமும் அப்படித்தான் சரிகிறோம்.

அதனால், அங்கே தரும் போர்வையைச் சுருட்டி, இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் இருக்கும் குழிவில் வையுங்கள். நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னலோரம் அழகுதான், ஆனால் தூங்கும் இரண்டு பேரை எழுப்பக் கூச்சப்பட்டு, எழுந்திருக்காமலே இருந்துவிடுவோம். மணிக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். வலி மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். பையை மேலே ஏற்ற யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள்.

கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள் அம்மா, அதில் வெட்கமே வேண்டாம்.