அபாயச் சங்கிலியை இழுக்கத் தயங்கலாமா?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நாம் மேடைப் பேச்சாளர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இந்தக் கரக்பூரில் இரயில்வே சம்பளப் பட்டியல் எழுதும் குமாஸ்தா. ஆயினும், மறுபிறவி எடுத்து வந்தவர் தாம் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று செயலாளர் வற்புறுத்தியமையால் இங்கு நிற்கின்றோம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு நாள், காலை 6 மணி. நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை வைத்து அழுத்தினாற்போல் ஒரு பாரம் தோன்றிற்று. இடது தோளிலும் தாடையிலும் வலி பரவிற்று. அந்தக் குளிரிலும் சட்டை நனைய வியர்த்தது. 46 வயதில் நமக்கு மாரடைப்பு வரும் என்று எண்ணினோமில்லை. முந்திய இரவு உண்ட பூரியின்மேல் பழியைப் போட்டு, ஓமத் தண்ணீர் குடித்தோம். இல்லத்தரசி கேட்டபோது, "வெறும் வாயுதான்" என்றோம். பட்டியல் அனுப்பவேண்டிய நாளாயிற்றே என்று அலுவலகத்திற்கும் சென்று அமர்ந்தோம். 11 மணிக்குப் பேனா கையிலிருந்து நழுவியது. அடுத்த மேசை வங்காள நண்பர் நம் முகத்தைக் கண்டதும், ஒரு சொல்லும் கேளாமல், ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை சேர்ப்பித்தார்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைப்பதே மாரடைப்பு. அடைப்பு நீடிக்க நீடிக்கத் தசை மடிகிறது. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை. உறைவைக் கரைக்கும் மருந்தும் தொடக்க மணிகளில்தான் மிகுந்த பயன் தரும். அந்த மணிகளில் ஐந்தை ஓமத் தண்ணீருக்குத் தானம் செய்துவிட்டோம். உயிர் பிழைத்தது, இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கவில்லை.

குழாய்கள் மூன்றிலும் அடைப்பு என்று சோதனையில் தெரிந்தது. உடல் சற்றுத் தேறியபின், பெரம்பூர் இரயில்வே மருத்துவமனைக்கு அனுப்பினர். 1975ஆம் ஆண்டில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவையைச் செய்தது அங்கேதான். பிழைப்புக்காக விட்டு வந்த தமிழ் மண்ணுக்கு, பிழைத்திருப்பதற்காகத் திரும்பினோம்.

மார்பெலும்பை நடுவே பிளந்து, காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாயையும் மார்பின் உட்புறக் குழாயையும் கொண்டு, அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்லப் புதுவழி அமைத்தனர். நம்மவர்க்கு விளங்கச் சொன்னால், அடைபட்ட பாதையைச் சுற்றிப் போட்ட லூப் லைன்.

கண் விழித்த பின்னரே உண்மையான போராட்டம். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூன்று திங்கள் பாரம் தூக்கலாகாது. இல்லத்தரசி தண்ணீர்க் குடத்தைத் தூக்க, நாம் கட்டிலிலிருந்து பார்த்துக் கிடந்தோம். காரணமின்றிக் கண்ணீர் பெருகிற்று. அறுவைக்குப்பின் பலருக்கும் மனச்சோர்வு வருவதுண்டு என்று மருத்துவர் சொன்ன பிறகே வெட்கம் தணிந்தது. அந்நாட்களில் நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவை இக்காலனி வீடுகள். அந்தக் கடனை எந்தப் பட்டியலில் எழுதித் தீர்ப்போம்!

ஒரு நாள் இல்லத்தரசி சொன்னார்: "நோய் வந்தது உங்கள் குற்றமன்று. என்னிடம் மறைத்தீர்களே, அதுதான் ஆறவில்லை." இதற்கு இன்றும் நம்மிடம் விடையில்லை.

இப்போது புகையை விட்டோம், உப்பைக் குறைத்தோம், நாள்தோறும் நடக்கின்றோம், மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடுவதில்லை. ஆனால் உங்களிடம் வேண்டுவது வேறொன்று. நெஞ்சில் பாரம் என்றால் வீட்டாரிடம் உடனே சொல்லுங்கள். தாய்மார்க்கும் நீரிழிவு உள்ளோர்க்கும் வலியே இன்றி, மூச்சிரைப்பாகவோ குமட்டலாகவோ பெருங்களைப்பாகவோ அது வரக்கூடும். அலட்சியம் வேண்டா.

இரயிலில் அபாயச் சங்கிலியைத் தக்க காரணமின்றி இழுத்தால் தண்டனை உண்டு. நெஞ்சின் சங்கிலியை வீணாக இழுத்தவர்க்கு எந்தத் தண்டனையும் இல்லை. வெறும் வாயு என்று மருத்துவர் சிரித்து அனுப்பினால், நீங்களும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம். இழுக்கத் தயங்கியவர்க்குத்தான் தண்டனை. அதை அனுபவித்தவர் சொல்கின்றோம்.